செத்தவீட்டுக் கதிரைகள்

வீட்டுக்கு வருகிற ஆக்களை இருத்துவதற்குக் கதிரை இல்லை என்பது ஜெகதீஸ்வரிக்கு அதுவரை ஒரு குறையாகவே பட்டதில்லை. நெடுங்கேணிப் பக்கத்தில் வருகிறவர்கள் பாயில் இருந்தார்கள், கச்சான் சாக்கில் இருந்தார்கள், அவசரமென்றால் நின்றபடியே கதைத்துவிட்டுப் போனார்கள். வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரை மாமனார் நல்லதம்பியுடையது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த கதிரை. ஒரு கை உடைந்து, அதைக் கம்பியால் கட்டி, இடம்பெயர்ந்த நேரமெல்லாம் அவரோடு போய் அவரோடேயே திரும்பி வந்தது. அதில் வேறு ஆரும் இருப்பதில்லை. கேட்டதுமில்லை.

வெட்கம் என்ற சாமானை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியது சொக்கிளேற் கொம்பனிதான்.

அது 2003. சமாதான காலம். ஓமந்தைச் சோதனைச்சாவடியால் வாகனங்கள் வரத் தொடங்கியிருந்தன. வந்த வாகனங்களில் ஒன்று, சொக்கிளேற்றுக்குள் போடுகிற கச்சானை, நிலக்கடலையை, வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக் கொம்பனியுடையது. கச்சான் எங்கே விளையாது? ஆனால் அந்த நாட்டுச் சனம் சும்மா கச்சானைத் தின்னாதாம். பாவப்பட்டதுகள் பிடுங்கிய கச்சானாக இருக்க வேண்டும். அதேநேரம் அந்தப் பாவப்பட்டதுகள் சந்தோசமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அவர்களுக்கு வாயில் ருசிக்குமாம். அதற்காகச் சொக்கிளேற் சுற்றுகிற மட்டையில் ஒரு வசனம் அடித்திருந்தார்கள். "இதிலுள்ள ஒவ்வொரு கச்சானும் சிரிக்கும் கைகளால் பிடுங்கப்பட்டது."

"கை எப்பிடிச் சிரிக்கும்?" என்று ஜெகதீஸ்வரியின் புருசன் பாலன் கேட்டான்.

"அது இங்கிலீசில சிரிக்கும் அண்ணை," என்றார் அஸ்மின். வவுனியாவில் பள்ளிக்கூடமொன்றில் இங்கிலீசு படிப்பிக்கிறவர், கொம்பனிக்கு மொழிபெயர்க்க வந்திருந்தார். நல்ல மனுசன். இரண்டு பக்கமும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இரண்டு பக்கத்துக்காகவும் வெட்கப்படுகிற தொழில் அது.

கச்சானை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் ஒரு சோலியும் இல்லை. மட்டையில் போட ஒரு முகம் வேண்டுமென்று வந்து நின்றார்கள். ஊரில் நாலு பேரை வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு ஜெகதீஸ்வரியைத் தெரிந்தெடுத்தார்கள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. சும்மா நின்றாலே சிரிக்கிற மாதிரித்தான் இருக்கும். வருகிற வியாழக்கிழமை கொம்பனியின் நீதிநெறிப் பணிப்பாளர் அம்மா நேரில் வந்து வீட்டில் வைத்தே படம் எடுப்பா என்று அஸ்மின் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் ஜெகதீஸ்வரி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மண் சுவர். அரைவாசி கிடுகு, அரைவாசி தகரம். முற்றத்தில் கோழி. வெள்ளைக்காரியைப் பாயில் இருத்துவதா, கச்சான் சாக்கில் இருத்துவதா என்று யோசிக்க யோசிக்க அவளுக்குக் காது சுட்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள் பாலனிடம். "சங்கத்தில இருந்து ஒரு ஆறு கதிரை எடுத்தா என்ன?"

பாலன் திகைத்துப்போனான். சங்கமென்றால் ஊர் மரண உதவிச் சங்கம். சொந்தக்காரர் எல்லாம் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் கிடக்க, காட்டை வெட்டிக் குடியேறின சனத்துக்குச் செத்தால் தூக்க ஆள் வேண்டுமே. அதற்காகத் தொடங்கியது. பந்தல், பாடை கட்ட ஆள், சுடலை வரைக்கும் கூட வர ஒரு கூட்டம், பிறகு இந்தக் கதிரைகள். பிளாஸ்ரிக் கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும், சாய்கிற பக்கத்தில், சிவப்புப் பெயின்றால் "மரண உதவிச் சங்கம்" என்று முழுசாக எழுதியிருக்கும். கலியாணத்துக்குத் தரமாட்டார்கள். கோயில் திருவிழாவுக்குத் தரமாட்டார்கள். செத்தவீடு தவிர்ந்த வேறு அலுவலுக்குக் கதிரையை எடுத்தவரின் பேர் சங்கத்திலிருந்து வெட்டப்படும். வெட்டுப்பட்ட வீட்டுச் சாவுக்கு ஒருத்தரும் வரமாட்டார். கதிரைகளைப் பூட்டி வைத்த கொட்டிலின் திறப்பு பாலனிடம்தான் இருந்தது. ஊரில் நேர்மையான ஆள் என்று அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

உள்ளே நல்லதம்பி இருமினார். அந்த வருசம் அவருக்கு நெஞ்சில் சளி இறங்கவேயில்லை. பரியாரியாரும் கைவிரித்த மாதிரித்தான். ஊரில் அடுத்ததாகச் சங்கம் தேவைப்படப் போவது எந்த வீட்டுக்கென்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பாலன் திகைத்தான். ஆனாலும் அவனுக்கும் வெட்கம் இருந்தது. வியாழக்கிழமை காலமை லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் ஆறு கதிரையை அடுக்கி, மேலே கச்சான் கொடியைப் போட்டு மூடிக் கொண்டுவந்தான். எழுத்துத் தெரியாமலிருக்க ஒவ்வொரு முதுகிலும் ஒரு துவாயைப் போட்டாள் ஜெகதீஸ்வரி. கடைக்காரர் பாறூக்கின் மனுசி நபீஸா, கேட்காமலேயே பீங்கான் கோப்பைகள் கொடுத்துவிட்டா.

பணிப்பாளர் அம்மா வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தா. நாலு பக்கமும் பார்த்தா. கண் கலங்கினா.

"எங்களுடைய சொக்கிளேற் உங்களை எவ்வளவு தூரம் உயர்த்தியிருக்கிறது," என்றா. "நாங்கள் கச்சான் வாங்கத் தொடங்கி இன்னும் ஒரு போகம் கூட முடியவில்லை. அதற்குள் ஆறு கதிரை. இதைத்தான் நாங்கள் மாற்றம் என்கிறோம்."

அஸ்மின் அதை மொழிபெயர்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

படம் எடுத்தார்கள். மடியில் கச்சான் கொடியோடு கதிரையில் ஜெகதீஸ்வரி, பக்கத்தில் வெறுங்கதிரை ஒன்று. வெறுங்கதிரையின் துவாய் ஊத்தையாகத் தெரிகிறதென்று படம் பிடிக்கிறவன் அதை இழுத்து அப்பால் எறிந்தான். ஜெகதீஸ்வரிக்குச் சொல்ல வாய் வரவில்லை. முன்பல் மட்டும் வந்தது. போகும்போது பணிப்பாளர் அம்மா ஒரு சொக்கிளேற் பெட்டி கொடுத்தா. ஓமந்தைச் சோதனை வரிசையில் அரைநாள் வெயிலில் நின்று வந்த பெட்டி. திறந்தபோது உள்ளே கறுத்தக் குழம்புதான் இருந்தது. கோழி கூடத் தொடவில்லை.

இரண்டு வருசம் ஒரு சத்தமும் இல்லை. சொக்கிளேற் நல்லாய் ஓடுகிறதாம் என்று அஸ்மின் வரும்போது சொல்வார். நல்லதம்பியும், பரியாரியார் சொன்னதுக்கு மாறாக, இருமிக்கொண்டே இருந்தார். பிறகுதான் அந்த நாட்டில் ஒருத்தர் வழக்குப் போட்டார்.

அவர் ஒரு வாடிக்கையாளர். சொக்கிளேற் தின்பதைத் தவிர வேறு குற்றம் அறியாதவர். மட்டையிலிருந்த வெறுங்கதிரையின் முதுகில் ஏதோ சிவப்பாய் எழுதியிருக்கிறதே என்று பெரிதாக்கிப் பார்த்து, அங்கே படிக்கிற எங்கட ஆள் ஒருத்தரிடம் காட்டிக் கேட்டிருக்கிறார். அவரும் உள்ளதைச் சொல்லிவிட்டார். வழக்காளிக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லையாம். சிரிப்புக்குக் காசு கொடுத்துத் துக்கத்தைத் தின்றுவிட்டேன் என்றாராம். அவரோடு சேர்ந்து இன்னும் ஆயிரக்கணக்கான பேர் தங்களுக்கும் நித்திரை இல்லையென்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவீட்டில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்து இருத்திச் சிரிக்கச் சொல்லி வெருட்டிப் படமெடுத்தது கொம்பனி. அதுதான் குற்றச்சாட்டு.

வழக்குப் பேசுகிற இரண்டு பக்கத்து அப்புக்காத்துமாரும் ஒரே வாகனத்தில் வந்து இறங்கினார்கள். செலவு மிச்சமாம். பணிப்பாளர் அம்மாவும் வந்திருந்தா. வருகிற வழியில் சங்கத் தலைவர் செல்வநாயகத்திடம் இறங்கிச் சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பைக் கேட்டிருக்கிறார்கள். யாப்பைப் பற்றி ஆரும் கேட்டால் செல்வநாயகத்துக்கு வேறொன்றும் கண்ணில் படாது. ஏன் கேட்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எழும்பி நின்று முழுவதையும் வாசித்து, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

இந்த முறை அவர்களைப் பாயில்தான் இருத்த வேண்டியிருந்தது. நெட்டை அப்புக்காத்துமார் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடித்தும் நீட்டியும் பார்த்தார்கள். வழக்காளியின் அப்புக்காத்து படத்தை நீட்டினார்.

"இந்தக் கதிரைகள் செத்தவீட்டுக்கு மட்டும்தான் வெளியே வரும் என்று தலைவர் எழுதித் தந்திருக்கிறார். அது சரியா?"

"ஓம்," என்றான் பாலன்.

"அப்படியென்றால் இங்கே செத்தவீடு நடந்தது."

பாலன் ஜெகதீஸ்வரியைப் பார்த்தான். ஜெகதீஸ்வரி பாயின் கோரையைப் பார்த்தாள். இல்லையென்று சொன்னால் கதிரையைக் களவாய் எடுத்தது வெளிப்படும், பேர் வெட்டுப்படும், உள்ளே கிடக்கிற மனுசனை நாளைக்குத் தூக்க ஆள் வராது. அந்த மனுசனின் சாவை நல்லபடி நடத்துவதற்காகத்தான் பாலன் அந்த மனுசனையே கொடுத்தான்.

"ஓம். நடந்தது."

"யார் இறந்தது?"

"அப்பா," என்றான். சொல்லி முடியவில்லை, குசினிப் பக்கமிருந்து நீளமாய் ஒரு இருமல் வந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் அப்புக்காத்து.

அஸ்மின் கண்ணை ஒருக்கால் மூடித் திறந்தார். "ஆடு," என்று இங்கிலீசில் சொன்னார். ஆடு என்றும் எழுதிக்கொண்டார்கள்.

வழக்காளியின் அப்புக்காத்துக்கு வந்த காரியம் முடிந்துவிட்டது. கொம்பனி அப்புக்காத்துத்தான் கொஞ்சம் யோசித்தார். அவரை முந்திக்கொண்டு பணிப்பாளர் அம்மா பேசினா. "செத்தவீடென்று நாங்களும் ஏற்றுக்கொள்கிறோம். அதில் எங்களுக்குப் பெருமைதான். மாமனார் இறந்த வீட்டில்கூட ஒரு பெண் சிரிக்கிறாள் என்றால், எங்கள் சொக்கிளேற் அவளுக்கு எவ்வளவு தெம்பைக் கொடுத்திருக்க வேண்டும். அழுகிறவர்களை எந்தக் கொம்பனியும் படம் எடுக்கும். அழவேண்டிய நேரத்தில் சிரிக்க வைப்பதற்குத்தான் நீதிநெறி வேண்டும்."

இரண்டு பக்கமும் நல்லதம்பியின் சாவில் கையெழுத்து வைத்தது. முற்றத்தில் நின்று ஒரு நிமிசம் மவுனமும் காத்தார்கள். அந்த ஒரு நிமிசமும் ஆடு இருமிக்கொண்டேயிருந்தது.

வாகனம் போன பிறகு ஜெகதீஸ்வரி பாயைச் சுருட்டி, முற்றத்தைக் கூட்டி, கடைசியாகத்தான் குசினிக்குள் போனாள். போனபோது நல்லதம்பி கதிரையில் இல்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்தார்.

"மாமா, ஏன் நிலத்தில? சளிக்குக் கூடாது, எழும்புங்கோ."

"செத்தவனுக்கு என்னத்துக்குப் பிள்ளை கதிரை," என்றார் அவர். கோபமில்லை. பகிடி மாதிரியும் இல்லை. "என்னைக் குடுத்துக் கதிரையைக் காப்பாத்தியிருக்கிறியள். கதிரைக்கு என்னைவிட வயசு குறைவுதானே."

ஜெகதீஸ்வரி நெருப்பூதுகிற சாட்டில் அடுப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஊர்ச் சனத்துக்கு முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தாலும் நல்லாயிருந்திருக்கும். அந்த மனுசன் அதற்குப் பிறகு அந்தக் கதிரையில் இருக்கவேயில்லை. அவள் ஒவ்வொரு காலமையும் அதைத் துடைத்து வைப்பாள். அவர் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருப்பார். அடுத்த மாசம் கொம்பனி அனுப்பிய மலர்வளையத்தை அஸ்மின் உரச்சாக்குக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். பிளாஸ்ரிக் பூ. "அமரர் நல்லதம்பி" என்று அட்டையும் கட்டியிருந்தது. அமரரே கைநீட்டி வாங்கினார்.

"வாடாது போல," என்றார். "பத்திரமா வையுங்கோ பிள்ளை, உதவும்."

அன்று முடிவெடுத்தாள் ஜெகதீஸ்வரி. பேர் வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டும். பாடையைத் தானே ஒரு பக்கம் தூக்கினாலும் பரவாயில்லை. உயிரோடு இருக்கிற மனுசனை நிலத்தில் வைத்துக்கொண்டு அவளால் சோறு தின்ன முடியவில்லை.

கடைசித் தரமாக அவர்கள் வந்தது 2006 தொடக்கத்தில். சத்தியம் பண்ணி வாக்குமூலம் எடுக்க ஒரு கமெராவையும் கொண்டுவந்தார்கள். சமூகப் பிரதிநிதி ஒருத்தரும் இருக்க வேண்டுமென்று செல்வநாயகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வேட்டி சால்வையோடு வந்து பாயின் நடுவில் இருந்தார். ஜெகதீஸ்வரி கமெராவைப் பார்க்கவில்லை. அஸ்மினைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. மாமா உயிரோட குசினிக்குள்ள இருக்கிறார். கதிரை சங்கத்தின்ர. நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லாமல் எடுத்தனாங்கள். உங்களை இருத்த எங்களிட்டக் கதிரை இல்லை. வெக்கமாக் கிடந்தது. அவ்வளவுதான்."

அஸ்மின் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். கனகாலத்துக்குப் பிறகு நிமிர்ந்திருந்து மொழிபெயர்த்தார்.

"வெட்கம்," என்று வழக்காளியின் அப்புக்காத்து எழுதிக்கொண்டார். "அந்த வெட்கத்தை உங்களுக்குக் கொம்பனி ஏற்படுத்தியதா? ஓம் அல்லது இல்லை."

"அது... ஆக்கள் வந்தா ஆருக்கும் வாறதுதானே."

"அப்படியென்றால் கொம்பனி ஏற்படுத்தவில்லை," என்றார் கொம்பனி அப்புக்காத்து.

"எங்கள் வழக்காளிக்கும் அதனால் நித்திரை கெடவில்லை," என்றார் மற்றவர். இரண்டு பேரும் தங்களுக்குள் கொஞ்சம் குசுகுசுத்தார்கள். முதல்முறையாக இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. பிறகு கொம்பனி அப்புக்காத்து தொண்டையைச் செருமிக்கொண்டு விளங்கப்படுத்தினார்.

"அம்மா, உங்கள் மாமனார் இறந்தது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விடயம். நீதிமன்றமும் அதைப் பதிந்துவிட்டது. நாங்கள் சண்டை பிடிப்பது நீங்கள் சிரித்ததைப் பற்றி மட்டும்தான். இந்தக் கட்டத்தில் அவரை உயிரோடு கொண்டுவர எந்தத் தரப்பும் விண்ணப்பிக்கவில்லை."

அப்போதுதான் நல்லதம்பி சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். சாரமும் தோளில் துண்டும். வாசலில் நின்று எல்லாரையும் பார்த்தார்.

"நான்தான் ஆள்," என்றார்.

கமெராக்காரன் நிறுத்துவதா எடுப்பதா என்று கேட்டான். நிறுத்தச் சொன்னார்கள். பணிப்பாளர் அம்மா மட்டும் எழும்பிப்போய் அவருடைய கையைப் பிடித்தா.

"உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி," என்றா. "உங்களுடைய இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம்."

ஜெகதீஸ்வரியின் வாக்குமூலம் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று வெட்டப்பட்டது. ஆட்டை வெட்டவில்லை. ஆடு இருந்தது.

வாகனம் வெளிக்கிட்ட பிறகும் செல்வநாயகம் பாயில்தான் இருந்தார். சால்வையை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டார்.

"பிள்ளை, யாப்பின்படி நான் உங்கட பேரை வெட்டத்தான் வேணும்," என்றார். "ஆனா வெளிநாட்டு நீதிமன்றம் ஒண்டு இது செத்தவீடு எண்டு பதிஞ்சுபோட்டுது. அதுக்கு மேல சங்கம் என்ன கதைக்கிறது? செத்தவீட்டுக்குக் கதிரை போனது பிழையில்லை. பேரை வெட்டேல்லை. இருங்கோ."

ஜெகதீஸ்வரி கும்பிட்டாள்.

"ஆனா ஒண்டு," என்றார் தலைவர். "ஒரு சாவுக்கு ஒருக்காத்தான் சங்கம் குடுக்கும். நல்லதம்பியின்ர பங்கு போயிட்டுது. கதிரையும் போய் வந்திட்டுது. இனி அவர் செத்தா அது ரெண்டாந்தரம். ரெண்டாந்தரம் சாகிற ஆளுக்கு யாப்பில இடமில்லை."

நல்லதம்பி வாசற்படியில் குந்தியபடி தலையாட்டினார். "நியாயம்தானே," என்றார்.

அந்த வருசம் ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. கொம்பனி கச்சான் வாங்கிய கொட்டிலும் பூட்டுப்பட்டது. அஸ்மின் வவுனியாப் பக்கம் நின்றுவிட்டார். பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். 2008 கடைசியில் திரும்ப இடம்பெயர்ந்தபோது லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஜெகதீஸ்வரி முதலில் ஏற்றியது மாமனாரின் கதிரையைத்தான். கொண்டுபோய் எங்கேயாவது ஓரிடத்தில் ஒருக்காலாவது அதில் இருத்திவிட வேண்டுமென்று அவளுக்குள் ஒரு வெறி இருந்தது. அவர் கச்சான் சாக்கின் மேல் இருந்தபடி வந்தார். டீசல் முடிந்த இடத்தில் பெட்டியையும் கதிரையையும் விட்டுவிட்டு நடந்தார்கள். பாலன் அவரை முதுகில் தூக்கினான்.

கடற்கரை மணலில் ஒரு விடியப்புறம் நல்லதம்பி செத்தார். சளிதான். குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த இடத்தில் சளியால் செத்தவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். பக்கத்துத் தறப்பாள் கூடாரத்துக்குள்ளிருந்து செல்வநாயகம் வந்தார். வேட்டி இல்லை, சாரம். சேட்டுப் பொக்கற்றுக்குள் சங்கத்து முத்திரை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. யாப்பைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை. குனிந்து கால்மாட்டைப் பிடித்தார்.

"கதிரை ஒண்டும் இல்லைப் பிள்ளை," என்றார். அவருடைய முகத்தை ஜெகதீஸ்வரி பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது. பாலனும் அவரும் கையால் மணலைத் தோண்டினார்கள்.

பிறகு வவுனியா முகாம். கம்பி வேலிக்குள் கூடாரம், வரிசை, தண்ணிக்கு வரிசை, சோத்துக்கு வரிசை. ஒருநாள் வெளிநாட்டு நிவாரணமென்று கொஞ்சப் பெட்டிகள் வந்தன. அதைக் கொண்டுவந்தவர்களோடு அஸ்மினும் வந்திருந்தார். தலை நரைத்துப்போயிருந்தார். ஜெகதீஸ்வரியைக் கண்டதும் கையிலிருந்த பெட்டியை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றார்.

"வழக்கு முடிஞ்சுதாம் அக்கா," என்றார் மெதுவாக. "சமாதானமாப் போயிட்டினமாம். வழக்குப் போட்ட எல்லாருக்கும் ஆளுக்கொரு புதுச் சொக்கிளேற். பழைய மட்டையைக் கடையில விக்கக்கூடாது எண்டு தீர்ப்பு. எறிஞ்சா அது நீதிநெறி இல்லையாம். அதால..."

முடிக்கவில்லை. அவள் கையை நீட்டினாள், அவர் கொடுத்தார். திகதியின் மேல் இன்னொரு திகதி ஒட்டியிருந்தது. மட்டையில் அவள் கதிரையில் இருந்தாள். மடியில் கச்சான் கொடி, வாயில் முன்பல். பக்கத்தில் வெறுங்கதிரை. சிவப்பெழுத்தை அழித்திருந்தார்கள்.

கூடாரத்துக்கு வெளியே நிலத்தில் குந்தியிருந்து உடைத்து வாயில் போட்டாள். அவள் அதைத் தின்பது அதுதான் முதல்தரம். கச்சான் காறிப்போயிருந்தது. தின்றாள். பசித்தது.

பக்கத்துக் கூடாரத்துப் பேச்சியம்மா தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"இஞ்ச பாருங்கோ, ஆரோ எங்கட பொம்பிளை போல கிடக்கு. என்ன வடிவாச் சிரிக்கிறா."

ஜெகதீஸ்வரி தன் கையிலிருந்த மட்டையை முகம் உள்ளே போகிற மாதிரி மடித்தாள்.

"ஓம்," என்றாள். "கதிரையெல்லாம் வைச்சிருக்கிறா. வசதியான ஆக்கள் போல."